நரம்பு-கண் பிரிவு, ஓசிடி ஸ்கேன், ஸ்டீராய்டு ட்ரிப்ஸ்: எதற்கு எத்தனை மதிப்பெண்

சென்னையில் ஒரு பெரிய கண் மருத்துவமனை, அதில் நரம்பு-கண் பிரிவு என்று தனியாக ஒன்று. பெயர் போடப் போவதில்லை. பாராட்டவும் போகிறேன், திட்டவும் போகிறேன், அதனால் பெயர் இல்லாமலே இருக்கட்டும். முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. விழித்திரையின் படலங்களை வெளிச்சத்தால் அளக்கும் ஓசிடி ஸ்கேனுக்கு நாலரை. பார்வைச் செய்தி மூளைக்குப் போகும் வேகத்தை அளக்கும் விஇபி சோதனைக்கு மூன்றரை. ட்ரிப்ஸுக்கு நான்கு, அது வேறு மருத்துவமனை. காத்திருக்கும் ஹாலுக்கு ஒன்று. ரிப்போர்ட் தரும் கவுன்டருக்குப் பூஜ்யம்.

இதை யார் படிக்க வேண்டும் என்றால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை நரம்புகளின் உறையைத் தாக்கும் எம்எஸ் நோய் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், அல்லது இன்னும் அந்தப் பெயர் வராமல் "கண் நரம்பில் வீக்கம்" என்ற இடத்தில் நிற்பவர்கள். எம்எஸ் வருகிறவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு முதல் அடையாளமே கண்தான். பாதிப் பேருக்கு எப்போதாவது ஒரு தடவையாவது இந்த வீக்கம் வந்துவிடும் என்கிறார்கள். ஆகவே ஒருவர் இரண்டு பேர் அல்ல, நிறையப் பேர் இந்தக் கதவைத் தட்டப்போகிறவர்கள்தான்.

எனக்கு இடது கண். கண்ணை உருட்டினால் உள்ளே பின்பக்கம் வலி, அப்புறம் நடுவில் ஒரு மங்கல், அது இரண்டு மூன்று நாளில் பெரிதாகிக்கொண்டே போனது. தெருமுனைக் கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது மேடம் என்று சொல்லி ஃப்ரேம் எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த லென்ஸ் போட்டும் அந்தக் கண் தெளியவில்லை என்பதைக் கண் முன்னால் பார்த்தும் ஃப்ரேம் காட்டினார்கள் பாருங்கள், அதுதான் வியாபாரம். லென்ஸ் போட்டும் தெளியாத, உருட்டினால் வலிக்கிற கண் கண்ணாடிக் கடையின் வேலை இல்லை. இதை அந்தக் கடைக்காரருக்கும் சேர்த்துதான் எழுதுகிறேன்.

சரி, மருத்துவமனைக்கு வருவோம். டாக்டருக்கு ஏன் முழு மதிப்பெண் என்றால், மெஷின் எதையும் தொடாமலே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டார். சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார், அது எல்லா இடத்திலும் நடப்பது. பிறகு மேஜையில் கிடந்த சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் கையில் எடுத்தார். பாப்பாவை விரிய வைக்கிற மருந்துக்கு மூடி சிவப்பாகத்தான் இருக்கும். "இந்தக் கண்ணுல பார்க்கும்போது இது நூறு ரூபா சிவப்புன்னா, அந்தக் கண்ணுல எவ்வளவு ரூபாம்மா?" என்று கேட்டார். வலது கண்ணில் பளிச்சென்ற சிவப்பு. இடது கண்ணில் அதே மூடி வெயிலில் கிடந்து வெளுத்த செங்கல் மாதிரி இருந்தது. நாற்பது ரூபாய் என்றேன். எழுத்து ஓரளவு தெரிந்தாலும் நிறம், அதிலும் சிவப்பு, முதலில் போய்விடும். இந்த நோயில் அது ஒரு கைகண்ட அடையாளம், செலவே இல்லாத சோதனை.

அடுத்து டார்ச். ஒரு கண்ணில் அடித்து, சட்டென்று அடுத்த கண்ணுக்கு மாற்றி, மறுபடி இங்கே. நல்ல நரம்பு என்றால் வெளிச்சம் பட்டதும் பாப்பா சுருங்க வேண்டும். அடிபட்ட கண்ணுக்கு டார்ச் வரும்போது அது சுருங்காமல் விரிகிறது, ஏனென்றால் வெளிச்சம் வந்த செய்தியே மூளைக்குக் குறைவாகப் போகிறது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவரையும் குனிந்து பார்க்கச் சொல்லிக் காட்டினார் டாக்டர். எவ்வளவு பேர் அப்படிக் காட்டுவார்கள்? அப்புறம் லென்ஸ் வைத்து உள்ளே பார்த்துவிட்டு, "டிஸ்க் நார்மலா இருக்கு" என்றார். டிஸ்க் என்பது நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வட்டம். எங்களுக்கு நிம்மதி வந்தது, உடனே அதையும் கலைத்தார். மூன்றில் இரண்டு பேருக்கு இந்த வீக்கம் கண்ணுக்குப் பின்னால், டாக்டர் லென்ஸில் பார்க்க முடியாத இடத்தில் இருக்குமாம். நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்று கண் மருத்துவர்களுக்குள் இதைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கண் நார்மல் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பார்வை நரம்பு கையில் காலில் ஓடும் நரம்பு மாதிரி இல்லை, அது மூளையின் ஒரு நீட்சி. பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள் அதில். கண்ணை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொரு இழைக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை கிடைக்கிறது, அந்த உறை இருப்பதால்தான் செய்தி வேகமாகத் தாவிப் போகிறது. எம்எஸ்ஸில் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் உள்ளே புகுந்து அந்த உறையைத் தாக்குகின்றன. நரம்பு வீங்குகிறது, செய்தி தடுமாறுகிறது, பார்வை மங்குகிறது. சில வாரத்தில் வீக்கம் வடிந்ததும் பார்வை திரும்பத் தொடங்குகிறது. உறை கொஞ்சம் மறுபடி வளரலாம். ஆனால் உறையோடு சேர்ந்து அறுந்துபோன இழை திரும்ப வராது. மருத்துவர்கள் நரம்புச் சேதம் என்பது இந்த இழப்பைத்தான். எழுத்து அட்டையில் கடைசி வரி படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அட்டைக்கு அறுந்த இழைகளின் கணக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு ஓசிடிக்குத் தெரியும். இந்த விமர்சனமே முக்கியமாக அதைப் பற்றித்தான்.

ஓசிடி 1991ல் அமெரிக்காவில் எம்ஐடி ஆட்கள் உலகுக்குக் காட்டிய தொழில்நுட்பம். இன்றைக்கு நம் ஊர் பெரிய கண் மருத்துவமனை எல்லாவற்றிலும் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகளுக்கும் குளூக்கோமா நோயாளிகளுக்கும் தினமும் எடுக்கிறார்கள். ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, கண்ணைத் தொடுவதுகூட இல்லை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை முட்டக் கொடுத்து உள்ளே பார்த்தால் ஒரு சின்னக் குறி தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "இமைக்காதீங்க மேடம், இமைக்காதீங்க, இமைக்காதீங்க, ம்ம்ம்... இப்ப இமைச்சுக்கோங்க." அவ்வளவுதான். என் இடது கண்ணுக்கு அந்தக் குறி சரியாகத் தெரியவில்லை, நடுவில்தானே மங்கல். டெக்னீஷியன் பெண் சலித்துக்கொள்ளவில்லை. குறியைப் பெரிதாக்கி, நிறத்தைக் கூட்டி, "நடுவுல இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் பாருங்கக்கா" என்று மேடத்திலிருந்து அக்காவுக்கு மாறி, சிக்னல் பலம் போதவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார். கண் காய்ந்திருந்தால் படம் மங்கலாக விழும் என்று சொட்டு மருந்து விட்டு எடுத்தார். இந்த அக்கறைக்கு ஒரு காரணம் இருக்கிறது: சிக்னல் மோசமாக இருந்தால் அளவே தப்பாக வரும். உங்கள் தாளிலும் சிக்னல் பலம் என்று ஒரு எண் இருக்கும், பத்துக்கு என்று போடுகிற மெஷினாக இருந்தால் ஆறுக்குக் கீழே இருக்கும் படத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

அது எதை அளக்கிறது என்றால், விழித்திரையில் இருந்து நரம்பாகப் போய்ச் சேரும் இழைகளின் படுகையை, நரம்பு வெளியேறும் வட்டத்தைச் சுற்றி. இதில் ஒரு நல்ல விஷயம், விழித்திரைக்குள் இருக்கும் வரை அந்த இழைகளுக்கு மயலின் உறை கிடையாது. ஆகவே அங்கே தடிமன் குறைந்தால் இழையே குறைந்திருக்கிறது என்று அர்த்தம், உறை போனதா இழை போனதா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. உடம்பில் மூளையின் இழைகளை வெறும் வெளிச்சத்தை வைத்து நேரடியாக அளக்க முடிகிற இடம் இது ஒன்றுதான். நல்ல கண்ணில் சராசரி 90, 100 மைக்ரான் என்று வரும்.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். முதல் தடவை எடுத்தபோது என் இடது கண்ணின் எண் வலதை விட அதிகமாக வந்தது. பார்த்தவுடன் நல்ல செய்தி மாதிரி இருக்கும், இல்லை. அது வீக்கம். மூன்று முதல் ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்து உண்மையான எண் கீழே தெரியும். எனக்கு வலது 90களிலேயே நிற்க, இடது 70களின் கடைசிக்கு வந்தது. ஆரம்பத்தில் எடுத்த ஒரே ஒரு ஸ்கேனை வைத்து "நரம்பு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதனால்தான் கூடவே இன்னொரு படலத்தையும், அந்த இழைகள் புறப்படும் கேங்க்லியான் செல் இருக்கும் படலத்தை, அளக்கச் சொல்ல வேண்டும். அது வீங்கி ஏமாற்றாது, சில வாரங்களிலேயே மெலிய ஆரம்பித்து உண்மையைச் சொல்லிவிடும். சில இடங்களில் கேட்டால்தான் எடுக்கிறார்கள். இங்கே கேட்காமலே எடுத்தார்கள். கட்டணம் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது, மூளை எம்ஆர்ஐக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டு கண்ணுக்கும் இடையே வித்தியாசம் முதல் படலத்தில் 5 மைக்ரானோ, கேங்க்லியான் படலத்தில் 4 மைக்ரானோ இருந்தாலே அந்தக் கண்ணில் முன்பு வீக்கம் வந்து போயிருக்கிறது என்பதற்கு அது ஆதரவு. எம்எஸ்ஸைக் கண்டுபிடிக்கும் மெக்டொனால்ட் விதிகளில் 2024 திருத்தத்தில் சேதம் இருக்கிறதா என்று தேடும் இடங்களில் பார்வை நரம்பையும் ஐந்தாவது இடமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே இந்தத் தாள் இனிமேல் கண் டாக்டருக்கு மட்டும் இல்லை, நியூராலஜிஸ்ட்டுக்கும் வேண்டும்.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன்? கிட்டப்பார்வை அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த மெஷின் சும்மாவே சிவப்பு, அதாவது நார்மலை விட மெலிது என்று காட்டும். நீண்ட கண்ணில் படுகை விரிந்து மெலிதாகத் தெரியும், மெஷினுக்குள் இருக்கும் "நார்மல்" கணக்கு அதற்குப் போடப்பட்டது இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், தடித்த கண்ணாடி, தாளில் சிவப்பைப் பார்த்து அழுதுவிட்டாள். டாக்டர் அரை நிமிடத்தில் சமாதானப்படுத்தினார், ஆனால் டாக்டரைப் பார்ப்பதற்குள் அவள் போனில் தேடி எதை எதையோ படித்து முடித்திருந்தாள். தாளைக் கையில் கொடுத்து ஹாலில் உட்கார வைக்காமல், டாக்டர் அறைக்கே அனுப்பலாமே.

விஇபி பற்றிச் சுருக்கமாக. பின்மண்டையில் பசை வைத்து ஒயர் ஒட்டுவார்கள், எதிரே டிவியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு நடுப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கட்டம் மாறிய செய்தி மூளையின் பின்பக்கம் போய்ச் சேர நல்ல நரம்பில் சுமார் 100 மில்லிசெகண்ட். உறை போன நரம்பில் தாமதம். எனக்கு எழுத்து அட்டையில் எல்லாம் படிக்க வந்த பிறகும் இடது பக்கம் 130ஐத் தாண்டியே நின்றது. நல்ல சோதனை, ஆனால் தூக்கம் வரும், கவனம் சிதறினால் கோடும் சிதறும். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லி ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டவே ஒட்டாது, அதற்காகவே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்கள், ஒருவர் வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர். மதிப்பெண் குறைந்தது சோதனைக்காக இல்லை, இதற்காக.

ரத்தத்தில் ஏக்யூபி4, மாக் என்ற இரண்டு எதிர்ப்புப் பொருள்களைத் தேடச் சொன்னார்கள். இது விலை கூடுதல், வெளி லேப், ரிசல்ட் வர நாளாகும். தட்டிக் கழிக்காதீர்கள். கண் நரம்பு வீக்கம் எல்லாமே எம்எஸ் இல்லை. என்எம்ஓ என்ற வேறு ஒரு நோய் இதே முகத்தோடு வரும், இன்னும் கடுமையாக, சில சமயம் இரண்டு கண்ணையும் சேர்த்து. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் அதை மோசமாக்கும். டிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார்கள், எதாம்பியூட்டால் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடியது என்பதால். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கிய பொறுமைதான் டாக்டரின் ஐந்தாவது மதிப்பெண்.

ட்ரிப்ஸ் ஏற்றியது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் டே-கேர் வார்டில். மெத்தில்பிரட்னிசலோன் தினம் ஒரு கிராம், சலைனில் கலந்து மெதுவாக, மூன்று நாள். வாயெல்லாம் இரும்பைச் சப்பிய ருசி வரும் என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லி, ஒரு புளிப்பு மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். வந்தது. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள். முகம் சிவந்து உப்பியது. தூக்கம் சுத்தமாகப் போய், நடு ராத்திரியில் பீரோவைக் காலி செய்து புடவை எல்லாம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனால் இந்த ட்ரிப்ஸிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 457 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 1992ல் வெளிவந்தது, இன்றுவரை எல்லா டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. போடாதவர்களுக்கும் திரும்பியது, மெதுவாக. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த அளவு பிரட்னிசோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ வீக்கம் திரும்ப வருவது கூடியது, ஆகவே "ஊசி எதுக்கு, நாலு மாத்திரை எழுதித் தர்றேன்" என்பதை நம்பிப் போக வேண்டாம். அறுந்த இழையை ஸ்டீராய்டு ஒட்ட வைக்காது. எனக்கு வேலை கணினித் திரையில், வலியும் தாங்கவில்லை, சீக்கிரம் தெரிந்தால் போதும் என்று போட்டுக்கொண்டேன், அந்தக் கணக்கில் நான்கு மதிப்பெண். என்எம்ஓவாக இருந்தால் இந்தக் கணக்கே வேறு, அங்கே தாமதிக்கக் கூடாது.

அதே ஆட்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில் பாதிப் பேருக்கு எம்எஸ் வந்தது. முதலில் எடுத்த மூளை எம்ஆர்ஐயில் ஒரு சேதப் புள்ளியும் இல்லாதவர்களில் நான்கில் ஒருவருக்கு, ஒன்றாவது இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு. எனக்குப் புள்ளிகள் இருந்தன. அது நியூராலஜிஸ்ட் பக்கத்துக் கதை, இங்கே வேண்டாம்.

இப்போது திட்டு. காத்திருக்கும் ஹால். மாடியில், மேற்கு வெயில் நேராக விழும் சுவர், இரண்டு ஃபேன், அதில் ஒன்று பெயருக்குச் சுற்றுகிறது. சாதாரண நோயாளிக்கு இது அசௌகரியம். எங்களுக்கு இது பார்வை. உறை போன நரம்பு சூடு ஏறினால் செய்தியை இன்னும் மோசமாகக் கடத்தும். 1890லேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்த விஷயம் இது. வெந்நீரில் குளித்தால், வெயிலில் நடந்தால், அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றால் அந்தக் கண் மங்கும், குளிர்ந்ததும் திரும்பும். புதுச் சேதம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மே மாதம் அந்த ஹாலில் மூன்று மணி நேரம் வெந்துவிட்டு உள்ளே போய் எழுத்து அட்டையைப் படித்தால் இரண்டு வரி குறைகிறது, அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நரம்பு-கண் பிரிவு என்று போர்டு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா? கீழ்த்தளத்தில் லேசர் ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வருகிறவர்களுக்கு ஏசி, சோபா, காபி மெஷின். சொல்லவும் வேண்டுமா.

கடைசியாக அந்தக் கவுன்டர். ஓசிடி ரிப்போர்ட் நிறத்தில் பேசுகிற தாள். பச்சை என்றால் நார்மல், மஞ்சள் என்றால் எல்லை, சிவப்பு என்றால் அந்த வயதுக்காரர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் இவ்வளவு மெலிதாக இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிவப்பே சரியாகத் தெரியாத நோயாளிக்கு இப்படி ஒரு தாள், யாராவது யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. கலர் வேண்டும் என்றதற்கு கார்ட்ரிட்ஜ் இல்லை என்றார்கள், பிடிஎஃப் அனுப்புங்கள் என்றதற்கு சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை என்றார்கள், அடுத்த தடவையும் அதே பதில். கடைசியில் ஸ்கேன் அறைக்கே திரும்பிப் போய் அந்த டெக்னீஷியன் பெண்ணிடம் கேட்டு, திரையை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இப்போது என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான ரிப்போர்ட் அதுதான். போகிறவர்கள் அங்கேயே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே, கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, சிக்னல் எண், எந்த மெஷின் என்ற பெயர், மூன்றும் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

மெஷின் பெயர் எதற்கு என்றால், சிர்ரஸ் என்ற மெஷினில் வந்த எண்ணை ஸ்பெக்ட்ராலிஸில் வந்த எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் படலத்தின் எல்லையை வேறு மாதிரிப் பிடிக்கிறது, கண் அப்படியே இருந்தாலும் எண் மாறும். ஒரு வருடத்தில் எவ்வளவு மெலிந்தது என்று தெரிய வேண்டுமானால் அதே மெஷினில்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஹாலைத் திட்டி, கவுன்டரைத் திட்டி, அடுத்த ஸ்கேனுக்கும் நான் அங்கேதான் போகப்போகிறேன். காலை முதல் டோக்கன், வெயில் ஏறுவதற்குள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கைவிசிறி, சொட்டு மருந்து விட்டால் கண் கூசும் என்பதால் ஒரு கூலிங் கிளாஸ், திரும்பி வர வண்டி ஓட்ட வீட்டுக்காரர்.